முல்லைத்தீவுக் கரைக்காவலரின் மகள்: பூட்டியைப் பதிவுகளில் தேடுவது எப்படி?

அலம்பில்காற்று கேட்டது:

வணக்கம். அம்மம்மாவின் அம்மாவை, எங்கள் பூட்டியை, பதிவுகள் வழியாகத் தேடுகிறேன். வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அவ கோஸ்ட்காட்காரரின்ர மகள்." தகப்பன் முல்லைத்தீவில் கடற்கரைக் காவல் வேலையில் இருந்தாராம். குடும்பம் கத்தோலிக்கர். பூட்டி இறந்தது 1970களின் கடைசியில்.

கையில் இருப்பவை மூன்று. முதலாவது அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழ், 1932, முல்லைத்தீவு. அதில் தாயின் பெயர் இருக்கிறது. இரண்டாவது ஒரு சீதன உறுதியின் கடைசி இரண்டு தாள்கள். முன் தாள்கள் இல்லாததால் காணி எந்த ஊர் என்று தெரியவில்லை. உறுதி இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் கையொப்பமும் வாசிக்க முடிகிறது. மூன்றாவது பூட்டியின் பழைய அடையாள அட்டையில் ஒரு துண்டு. இலக்கத்தின் முதல் ஐந்து எண்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன: 09758. ஆடி மாதம் பிறந்தவ என்று பெரியம்மா சொல்கிறா.

முல்லைத்தீவுப் பிறப்புப் பதிவுகளில் 1909, 1910 இரண்டு ஆண்டுக்கும் தேடுவித்தேன். "பதிவு இல்லை" என்று பதில் வந்தது. அவ எங்கே பிறந்தா, எப்போது கலியாணம் முடித்தா, சகோதரங்கள் யார், தகப்பன் உண்மையில் என்ன வேலை பார்த்தார்? எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவறை எழுதியது:

பிள்ளை, பிறப்பிலிருந்து தொடங்கியதுதான் சிக்கல். பெண்ணைத் தேடும்போது கடைசித் தாளிலிருந்து பின்னுக்கு வரவேண்டும். முதலில் இறப்பு, பிறகு பிள்ளைகளின் பிறப்புகள், பிறகு விவாகம், அவவின் பிறப்பு கடைசியில்தான்.

இறப்புச் சான்றிதழை முதலில் எடுங்கோ. அதில் இறந்தவரின் தாய் தகப்பன் பெயருக்கு நிரல் உண்டு. அறிவித்தவர் யார், அவர் என்ன உறவு என்பதும் இருக்கும். கரைக்காவலரின் முழுப்பெயர் உங்களுக்கு முதலில் கிடைக்கக்கூடிய இடம் அதுதான்.

ஆனால் எந்தக் கந்தோருக்குப் போவது என்பதில் பலர் தவறுகிறார்கள். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 செப்டெம்பரில். அதற்கு முன் அந்தக் கரை வவுனியா மாவட்டத்தோடு இருந்தது. கிளிநொச்சிப் பக்கம் 1984 வரை யாழ்ப்பாண மாவட்டம். 1977இல் நடந்த இறப்பின் பிரதியை வவுனியாவிலும் கேட்கவேண்டும். படிவத்தில் இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் எழுதினால் எழுதுவினைஞர் இன்றைய இடாப்பைத்தான் புரட்டுவார். "அக்காலத்தில் வவுனியா மாவட்டம், முல்லைத்தீவுப் பதிவாளர் பிரிவு" என்று எழுதுங்கோ. மாவட்ட எல்லை மாறும், பதிவாளர் பிரிவுதான் தேடலின் உண்மையான அலகு.

"பதிவு இல்லை" என்ற பதிலுக்கு ஓர் அர்த்தம்தான்: அந்தப் பிரிவில், அந்த ஆண்டுகளில், அந்தப் பெயரில், அந்தப் பிரதியில் இல்லை. பிறப்பு, இறப்பு, விவாகம் எல்லாமே இரண்டு பிரதியாக எழுதப்பட்டவை. கடலும் போரும் ஒன்றைக் கொண்டுபோயிருந்தால் மற்றது வேறிடத்தில் இருக்க வாய்ப்புண்டு. மாவட்டப் பதிவகத்தில் இல்லை என்றால் கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறையில் கேட்கும்வரை விடாதேங்கோ.

பிறப்புத் தேடல் ஏன் தவறுகிறது என்றால், முதற்காரணம் பெயர். அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்க முன்னமே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயர் நிரல் வெறுமையாகவே இருக்கும். பிள்ளையின் பெயரில் தேடினால் கிடைக்காது, தகப்பனின் பெயரில் தேடச் சொல்லவேண்டும். இரண்டாவது காலம். பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும் என்பது இன்றுள்ள விதி. பிந்திப் பதிந்தவை பதிந்த ஆண்டின் புத்தகத்தில்தான் கிடக்கும், பிறந்த ஆண்டின் புத்தகத்தில் அல்ல. தேடலுக்கான கட்டணம் இரண்டு ஆண்டு என்ற கணக்கில் அறவிடுவதால், குருட்டாம்போக்கில் ஆண்டைப் போட்டுக் காசைக் கரைக்காமல் மற்றத் தாள்களால் ஆண்டையும் இடத்தையும் முதலில் இறுக்கிக்கொள்ளுங்கோ.

அதற்கு உங்களிடம் நல்ல துண்டு ஒன்று இருக்கிறது. பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு: 09, அதாவது 1909. அடுத்த மூன்று எண் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 758இல் 500ஐக் கழித்தால் 258. இங்கே கவனம்: அந்த அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், நெட்டாண்டு இல்லாவிட்டாலும். ஓகஸ்ட் முடிய 244 நாள். 258 என்றால் செப்டெம்பர் 14. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் செப்டெம்பர் 15 வரும், அது பிழை.

அடையாள அட்டை நாட்டில் வழங்கத் தொடங்கியது 1972இல். அப்போது அவவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வாய்ச்சொல்லில் கொடுத்த வயது என்றால் ஆண்டின் முதல் நாள் போன்ற வட்டமான திகதியாக இருக்கக்கூடும். இப்படிக் குறிப்பான ஒரு நாள் வந்திருப்பதால் பின்னால் ஏதோ ஒரு தாள் இருந்திருக்க வேண்டும். கத்தோலிக்கர் என்பதால் ஞானஸ்நானச் சான்றிதழாக இருக்கலாம்.

கச்சேரித்தாள் எழுதியது:

வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "கோஸ்ட்காட்" என்ற பெயரில் அக்காலத் திணைக்களம் ஒன்றைத் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். இன்றுள்ள கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 1909இல் கடற்கரையில் நின்று காவல் பார்த்தவர் வேறு திணைக்களத்து ஆள்.

முதலில் பார்க்கவேண்டியது சுங்கம். 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச்சட்டத்தின்கீழ் சிறு துறைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். தோணியில் வரும் சரக்கைச் சோதிப்பவர், இறக்கி முடியும்வரை காவல் நிற்கும் தைட்வெயிட்டர், பியோன், காவலாளி. ஊரார் எல்லாரையும் "கஸ்டம்ஸ்காரர்" என்றே சொல்லியிருப்பார்கள். இரண்டாவது உப்பு. உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்ததால், களப்புக் கரைகளில் தானாக விளையும் உப்பை ஊரார் அள்ளாமல் காக்கவும் ஆள் வைத்தார்கள். மூன்றாவது வெளிச்சவீட்டு வேலை. கள்ளத்தோணி பிடிக்கக் கரையில் இராணுவம் நின்றது 1952க்குப் பிறகு. அது இவரின் காலம் அல்ல. ஆனால் பின்வந்த பிள்ளைகள் அந்தக் காட்சியைப் பார்த்து "கோஸ்ட்காட்" என்ற சொல்லைப் பழைய ஆளுக்கும் ஒட்டியிருக்க இடமுண்டு.

எந்த வேலை என்பது பெருமைக்காகத் தேடவேண்டிய விஷயம் மட்டும் அல்ல. எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். சுங்க ஆள் என்றால் இடமாற்றம் உண்டு. ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை, மன்னார், முல்லைத்தீவு என்று வடக்கின் துறைகளில் எங்கும் போட்டிருக்கலாம். பிள்ளைகள் அங்கங்கே பிறந்திருப்பார்கள். முல்லைத்தீவில் வளர்ந்த பெண் முல்லைத்தீவில்தான் பிறந்தாள் என்று எடுத்துக்கொண்டதால்தான் உங்கள் முதல் தேடல் பிழைத்தது என்று நினைக்கிறேன். உப்புக் காவலாளி, பியோன் என்றால் பெரும்பாலும் உள்ளூர் ஆள். அப்போது சுற்றியுள்ள பிரிவுகளைத்தான் கிண்டவேண்டும்.

அச்சில் வந்தவை: 1802இலிருந்து வெளிவரும் அரசாங்க வர்த்தமானி, ஆண்டுதோறும் வந்த நீலப்புத்தகம், சிவில் லிஸ்ட். இவற்றில் உத்தியோகத்தர்களின் பெயர் வரும். கீழ்நிலைக் காவலாளிகள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள், "காவலாளிகள் இத்தனை பேர், சம்பளம் இவ்வளவு" என்று. பெயர் வேண்டும் என்றால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் முல்லைத்தீவு உதவி அரசாங்க அதிபரின் நாட்குறிப்புகளையும் கச்சேரியின், அதாவது அவரின் அரசாங்கக் கந்தோரின், கடிதக் கோப்புகளையும் கேளுங்கள். ஒருவரைத் தண்டித்தது, லீவு கொடுத்தது, மாற்றியது எல்லாம் அங்கேதான் எழுதப்படும். முழுநாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனை வேண்டாம். தேடும் ஆண்டுகளை ஐந்துக்கு மேல் விரிக்க வேண்டாம், கோப்புக் கட்டுகள் பெரியவை.

அவர் ஓய்வூதிய உரிமையுள்ள பதவியில் இருந்தால் இன்னொரு பெரிய வாசல் திறக்கும். 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதியம் தொடங்கியது. பணம் கட்டியவர் தன் விவாகத்தையும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பையும் அறிவிக்கவேண்டும். ஆகவே அந்தக் கோப்பு ஒன்றிலேயே மனைவியும் பிள்ளைகள் அத்தனை பேரும் திகதியோடு நிற்பார்கள். காவலாளி, பியோன் தரத்தில் இருந்தவருக்கு இந்தக் கோப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. இணையத்தில் "கோஸ்ட்காட் மூதாதையர்" என்று தேடினால் வருவதெல்லாம் பிரித்தானிய வழிகாட்டிகள். அங்கே அந்தப் படை 1822இல் உருவாகி 1856இல் கடற்படைத் தலைமையகத்தின்கீழ் போனது. ஆட்பெயர்ப் புத்தகங்கள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. வீடுவீடாகப் பெயர் எழுதிய குடிசன மதிப்பீட்டுத் தாள்களும் நூறாண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன. கரைக்காவலரைச் சொந்த ஊரில் வைக்காமல் வேறு கரைக்கு அனுப்புவது அங்கே வழக்கம். அதனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து ஊரில் பிறந்திருப்பார்கள். இந்த ஒரு பாடம் மட்டும் நமக்கும் பொருந்தும். குடிசன மதிப்புத் தாளைத் தேடு என்ற ஆலோசனை இங்கே பொருந்தாது. நமக்கு மிஞ்சியிருப்பவை எண்ணிக்கை அறிக்கைகள்தான், வீட்டுப் பெயர்த் தாள்கள் அல்ல.

மணற்குடியிருப்பு எழுதியது:

கத்தோலிக்கக் குடும்பம் எண்டால் அரசாங்க இடாப்பைவிடக் கோயில் இடாப்புத்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். ஒரு காரணம் சொல்லுறன்.

1908 உயிர்ப்பு ஞாயிறிலிருந்து திருச்சபையில் ஒரு விதி. ஒருவர் கலியாணம் முடிச்சால், அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அறிவிச்சு, அங்கே அவரின்ர ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுதவேணும். ஆரை, எங்கே, எப்ப எண்டு. அதே மாதிரி கலியாணப் பதிவிலை மணமக்கள் எந்தக் கோயிலிலை ஞானஸ்நானம் பெற்றவை எண்டு குறிப்பு இருக்கும். உங்கட பூட்டி 1909 எண்டால் இந்த விதிக்குப் பிறகு பிறந்தவ. ஒரு முனை கிடைச்சால் மற்ற முனையை அந்தப் பதிவே காட்டும்.

அம்மம்மா 1932இல் முல்லைத்தீவிலை பிறந்திருக்கிறா. ஆகவே முதலிலை முல்லைத்தீவுப் பங்கின்ர கலியாண இடாப்பை 1932இலிருந்து பின்னுக்குப் பார்க்கச் சொல்லுங்கோ, 1925 வரைக்கும். பங்குத்தந்தைக்கு எழுத்திலை விண்ணப்பம் குடுங்கோ: மணமகன் பெயர், மணமகள் பெயர், அவவின்ர தகப்பன் பெயர், ஆண்டு எல்லை, நீங்கள் என்ன உறவு, என்ன தேவைக்கு. ஞாயிறு பூசை முடிஞ்ச கையோடை போய்க் கேட்டால் ஆருக்கும் நேரம் இராது. கிழமை நாளிலை முன்கூட்டியே சொல்லிப்போட்டுப் போங்கோ. இடாப்பு அங்கே இல்லை எண்டால் யாழ்ப்பாணம் ஆயர் இல்லத்தைக் கேளுங்கோ, முல்லைத்தீவு யாழ் மறைமாவட்டம்தான். மன்னார் கரை, வவுனியாப் பக்கம் போகவேண்டி வந்தால் 1981இலிருந்து அது மன்னார் மறைமாவட்டம். அதுக்கு முன்னம் எல்லாம் யாழ்ப்பாணம்.

பழைய பதிவுகள் இலத்தீனிலை இருக்கும். பயப்பிடத் தேவையில்லை, பத்துப் பன்னிரண்டு சொல்தான் திரும்பத் திரும்ப வரும். "ஃபிலியா லெஜித்திமா" எண்டால் முறைப்படி மணந்த பெற்றோரின்ர மகள். "நாத்தா" பிறந்தவள். "பாத்ரீனி" ஞானப்பெற்றோர். "விதுவா" கைம்பெண். "ஏயுஸ்தெம்" எண்டால் அதே மாதம், "உட் சுப்ரா" எண்டால் மேலே சொன்னபடி. இந்த இரண்டும் வந்தால் முதல் பதிவையும் சேர்த்துப் படம் எடுக்கவேணும், இல்லாட்டில் மாதம் ஆண்டு தெரியாது.

ஞானப்பெற்றோர் பெயரை விட்டுடாதேங்கோ. பெரும்பாலும் தாய்மாமன், மாமி, பெரியதாய் ஆராவது ஒருவர்தான் நிற்பினம். சகோதரங்களின்ர ஞானஸ்நானப் பதிவுகள் எல்லாத்திலும் இந்தப் பெயர்களை எழுதி எடுத்தால் தாய்வழி தானாகத் தெரியவரும்.

கலியாணப் பதிவிலை "விலக்கு" எண்ட குறிப்பு இருக்கோ பாருங்கோ. மச்சான் மச்சாள் முடிச்சால் கோயில் உத்தரவு வேணும். பழைய கணக்கிலை இரண்டாம் படி எண்டால் கூடப்பிறந்தவையின்ர பிள்ளையள், மூன்றாம் படி எண்டால் அதற்கடுத்த தலைமுறை. அந்த ஒற்றைச் சொல் இரண்டு குடும்பத்தையும் ஒரே பாட்டன் பாட்டியிலை கொண்டுபோய் முடிச்சுப் போடும்.

பெயர் விஷயம்: வீட்டிலை பிள்ளையம்மா, உறுதியிலை அன்னப்பிள்ளை, கோயிலிலை அன்னா எண்டு ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கிறது இந்தக் கரையிலை சாதாரணம். பெயர் ஒத்துவரேல்லை எண்டு பதிவைத் தள்ளாதேங்கோ. தகப்பன் பெயர், தாய் பெயர், புருசன் பெயர் மூன்றிலை இரண்டு ஒத்தால் அது அவதான்.

உறுதிக்கட்டு எழுதியது:

கடைசி இரண்டு தாள்தான் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். உறுதியில் அதிக செய்தி உள்ள இடமே கடைசித் தாள்தான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்படவேண்டும். நொத்தாரிசின் அத்தாட்சி வாசகம் முடிவில் வரும்: இன்னாருக்கு வாசித்து விளங்கப்படுத்தினேன், அவரை நான் அறிவேன், சாட்சிகள் இன்னார், இன்ன ஊர், இன்ன திகதி. சீதனம் கொடுத்தவர் தகப்பன் என்றால் கரைக்காவலரின் பெயரும் கையொப்பமும் அந்த வாசகத்திலேயே இருக்கவேண்டும். கையொப்பம் எந்த மொழியில் என்பதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் வைத்திருந்தால் அவர் வெறும் காவலாளியாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

முழு உறுதியை எடுக்கலாம். நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். ஆகவே நொத்தாரிசு பெயர், உறுதி இலக்கம், திகதி மூன்றும் இருந்தால் காணி எங்கே என்று தெரியாமலே பிரதி கேட்கலாம். நொத்தாரிசு எந்த ஊரில் தொழில் செய்தாரோ அந்த மாவட்டத்துப் பதிவகத்தைத்தான் கேட்கவேண்டும், நீங்கள் இருக்கும் மாவட்டத்தை அல்ல. தாளின் பின்பக்கத்தையோ ஓரத்தையோ பாருங்கள்: ஓர் எழுத்து, ஓர் எண், சாய்கோடு, இன்னோர் எண் என்று முத்திரையில் இருந்தால் அது பதிவேட்டின் தொகுதியும் பக்கமும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் காணிக்கு முன்னும் பின்னும் நடந்தவை வரிசையாக வரும்.

காணி அளவு தெரிந்தால் ஊரை ஊகிக்கலாம். பரப்பு, குழி என்று இருந்தால் பெரும்பாலும் குடாநாட்டுக் காணி, 16 பரப்பு ஓர் ஏக்கர் (நெற்காணியில் 24). விதைப்புக் கணக்கில், அதாவது எவ்வளவு நெல் விதைக்கலாம் என்று, எழுதியிருந்தால் பெரும்பாலும் வன்னி வயல். குடாநாட்டுக் காணி என்றால் கரைக்காவலர் அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்தவர் என்பதற்கு அது நல்ல தடயம்.

இன்னொரு வழியும் உண்டு. தேசவழமைக்கு, அதாவது வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்ற, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி புருசனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பூட்டி அந்தச் சீதனக் காணியைப் பிறகு விற்றிருந்தாலோ மகளுக்குக் கொடுத்திருந்தாலோ, அந்த உறுதியில் புருசன் பெயரும் இருக்கும். புருசன் இல்லாமல் தனியே கையொப்பமிட்டிருந்தால் அதற்குள் அவர் இறந்துவிட்டாரா என்று பாருங்கள். கைம்பெண்ணான காலத்தை இப்படிப் பலமுறை உறுதியில்தான் பிடிக்கிறோம். காணியைப் பங்கு பிரிக்க வழக்கு நடந்திருந்தால் அதிர்ஷ்டம்தான். அந்த வழக்கில் முழு வம்சாவளியையும் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும்.

அந்தத் தாள்களைத் தயவுசெய்து லமினேற் பண்ணவேண்டாம். சூட்டில் மை கருகும், பிறகு ஒருபோதும் பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், பத்தாண்டில் மஞ்சள் கோடாகிவிடும். மை மங்கின இடத்தைக் கைபேசியில் படம் எடுக்கும்போது வெளிச்சத்தை நேரே அடிக்காமல் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாகப் பிடியுங்கள். பேனை அழுத்திய தடம் நிழலாகத் தெரியும்.

பதிவறை மீண்டும்:

ஒன்றை விட்டுவிட்டேன். அவவின் அண்ணன் தம்பிமாரின் பிள்ளைகள் 1950களிலும் பிறகும் பிறந்திருந்தால், அவர்களின் பிறப்புச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கோ. 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின்வந்த படிவங்களில் பாட்டனின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று தனி நிரல் உண்டு. தகப்பன்வழிப் பாட்டன். அதாவது உங்கள் கரைக்காவலர். அவரின் சொந்தப் பிறப்புப் பதிவு அழிந்திருந்தாலும் பேரப்பிள்ளையின் தாளில் அவர் இருப்பார்.

அலம்பில்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இறப்புச் சான்றிதழ் வவுனியாப் பிரதியில் கிடைத்தது, 1977. தகப்பன் பெயர் இருக்கிறது, உறுதியின் அத்தாட்சியில் உள்ள பெயரும் அதுவே. முல்லைத்தீவுக் கலியாணப் பதிவு 1928. "ஊர்காவற்றுறையில் ஞானஸ்நானம்" என்றும் இரண்டாம் படி விலக்கு என்றும் எழுதியிருக்கிறது. ஊர்காவற்றுறையிலிருந்து ஞானஸ்நானப் பதிவின் படமும் வந்தது. அதில் பிறந்தது "14 7ப்ரிஸ் 1909", ஞானஸ்நானம் "22 ஏயுஸ்தெம்". 7 என்றால் ஜூலைதானே? பெரியம்மா சொன்ன ஆடியோடு ஒத்துவருகிறது. அப்படியென்றால் அடையாள அட்டை பிழையா?

மணற்குடியிருப்பு:

இல்லை, அட்டை சரி. 7ப்ரிஸ் எண்டால் ஏழாம் மாதம் இல்லை, செப்டெம்பர். இலத்தீனிலை "செப்தெம்" ஏழு, அதை எண்ணிலை சுருக்கி எழுதுறது. 8ப்ரிஸ் ஒக்டோபர், 9ப்ரிஸ் நவம்பர், பத்துக்கு உரோம எண் போட்டால் டிசெம்பர். 14 செப்டெம்பர் 1909, அட்டையிலை கணக்குப் பார்த்து வந்த அதே நாள். ஆடி எண்ட கதையும் ஆரோ இந்த 7ஐ வாசிச்சு வந்ததாய் இருக்கலாம். ஞானஸ்நானம் 22 செப்டெம்பர், எட்டு நாளிலை.

இரண்டாம் படி எண்டால் புருசன் சொந்த மச்சான். தாய்மாமன் மகனோ மாமி மகனோ எண்டதைத் தீர்க்க, புருசனின்ர ஞானஸ்நானப் பதிவிலை தாய் தகப்பன் பெயரைப் பாருங்கோ. பூட்டியின்ர தாயோடையோ தகப்பனோடையோ ஒரே வீட்டிலை பிறந்தவர் ஒருவர் அங்கே நிற்கவேணும்.

பதிவறை:

இனிப் பிறப்புப் படிவத்தைத் திரும்ப நிரப்புங்கோ. மாவட்டம் யாழ்ப்பாணம், பிரிவு ஊர்காவற்றுறை. பிள்ளையின் பெயர் நிரலில் கோயில் பெயரை எழுதி, "அல்லது பெயர் இடப்படவில்லை" என்று சேருங்கோ. தகப்பன் பெயரை இறப்புச் சான்றிதழிலும் உறுதியிலும் உள்ள இரண்டு எழுத்துக்கூட்டலிலும் கொடுங்கோ. பிறந்த திகதி 14.09.1909, தேடும் காலம் 1909 செப்டெம்பரிலிருந்து 1911 செப்டெம்பர் வரை. ஞானஸ்நானப் படத்தின் பிரதியை இணையுங்கோ. கிடைத்தால் திரும்ப எழுதிய பிரதி வேண்டாம், மூலப் பதிவின் நிழற்பிரதியைக் கேளுங்கோ. பெயர்த்து எழுதும்போது தொழில் நிரலைத்தான் சுருக்கிவிடுவார்கள்.

உங்களுக்கு வேண்டியதே அந்த நிரல்தான். மகள் பிறந்த கிழமையில் ஊர்காவற்றுறையில் அவர் தன் வேலையை என்னவென்று சொன்னாரோ அது அங்கே எழுதப்பட்டிருக்கும். வந்ததும் அந்தச் சொல்லை அப்படியே இங்கே போடுங்கோ, கச்சேரித்தாள் எந்தக் கோப்பு என்று சொல்லுவார்.